காதில் 'ஙொய்'... மூளைக்கு ஆபத்தா?

"ராத்திரி லைட்டை அணைச்சுப் படுத்தா போதும்... காதுல 'ஙொய்'னு ஒரே இரைச்சல். சாவியை எங்கே வெச்சேன்னும் மறந்துபோவுது. புத்தி மழுங்கிடுமோ?"

லேத் பட்டறைத் தொழிலாளி முதல் பஸ் டிரைவர் வரை பலருக்கு இந்தப் பயம் உண்டு.

பயம் வேண்டாம். காது இரைச்சல்தான் மறதி நோயைக் கொண்டு வருகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை.

ஓயாத சத்தத்தாலும் வயதாலும் உட்காதின் நுண்ணிய செல்கள் பழுதாகின்றன. காதிலிருந்து வரும் ஒலி குறைந்ததும், மூளை தானாகவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக் கொள்கிறது. அதுதான் இரைச்சல்! இதனால் தூக்கம் கெடும், கவனம் சிதறும். சாவி மறந்துபோக அதுவே போதும்.

உஷார்... காது மந்தம்!

கவனிக்க வேண்டியது காது மந்தத்தைத்தான். அமெரிக்காவில் பால்டிமோரில் 639 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. லேசான மந்தம் உள்ளவர்களுக்கு மறதி நோய் அபாயம் 2 மடங்கு. கடுமையான மந்தம் என்றால் 5 மடங்கு!

காது மெஷின் வைத்தால் தப்பலாமா? அமெரிக்காவிலேயே 70 வயதைத் தாண்டிய 977 பேரிடம் 3 ஆண்டு சோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவுப்படி, எல்லோருக்கும் பலன் கிடைக்கவில்லை. ஆனால் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அறிவு மங்குவது 48 சதவீதம் குறைந்தது.

அழுக்கு அடைத்தாலும் காது இரையும். ஊக்கு, குச்சி விட்டுக் குடையாதீர்கள்! திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.

"டி.வி. சத்தத்தைக் கூட்டுடா" என்கிறாரா தாத்தா? திட்டாதீர்கள். காதைச் சோதித்துப் பாருங்கள்!