விசுவாசமும் பாக்கியும்

வேலை தேடுவோருக்கும் தொழில் செய்வோருக்குமான தளமாக 2003இல் வந்தது லிங்க்ட்இன். 2012இல் முதலாளிகள், பிரபலங்கள் சிலருக்கு மட்டும் அங்கே கட்டுரை எழுத இடம் கொடுத்தார்கள். 2014இல் அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட, ஆளாளுக்குச் 'சிந்தனைத் தலைவர்' ஆகிவிட்டார்கள்.

இந்தப் பிரதிகளின் இலக்கணம் எளிது. பதிவின் முதல் சில வரிகள்தான் கண்ணில் படும். மிச்சத்தைப் படிக்க விரலால் தட்ட வேண்டும். ஆகவே முதல் வரி திடுக்கிட வைக்கும். பிறகு வரிக்கு ஒரு வாக்கியம், நடுவே வெற்றிடம். 'புதுக்கவிதையைக் களவாடிட்டாங்கய்யா' என்று நண்பர் ஒருவர் சிரித்தார். சிரித்துவிட்டு நகர்கிற விஷயமா இது?

2022 ஆகஸ்டில் பாம்பே ஷேவிங் கம்பெனியின் நிறுவனர் சாந்தனு தேஷ்பாண்டே, புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் நாலைந்து வருஷம் தினம் 18 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று அங்கே எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். இவரோடாவது சண்டை போடலாம். உத்தரவு உத்தரவாகவே நிற்கிறது. கவனிக்க வேண்டியது நீதிக்கதைகளை. ஒரு டீக்கடைக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோ வருவார், மேலாண்மைப் பாடம் மூன்றைத் தந்துவிட்டுப் போவார். அவருக்குப் பெயர் இருக்காது, கூலி எவ்வளவென்றும் இருக்காது.

ரோலான் பார்த் 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் ஓர் அட்டைப்படத்தை வாசிக்கிறார். பிரெஞ்சுச் சீருடையில் ஒரு கறுப்பின இளைஞன் சல்யூட் அடிக்கிறான். காலனிய வரலாறு வடிந்துபோய் விசுவாசம் மட்டும் இயற்கையானதுபோல மிஞ்சுகிறது.

நம்ம பக்கம் பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ ஒரே விசைத்தறிக் கூடத்தில் இருபது வருஷம் தறி ஓட்டியவரை இந்த வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள். 'விசுவாசத்தைச் சம்பளத்தால் வாங்க முடியாது' என்றொரு பாடம் தயார். அவரைக் கேட்டால் வேறு சொல் வரும்: பாக்கி. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அது. தீர்க்காமல் இன்னொரு கூடத்துக்குப் போக முடியாது. புது முதலாளி அடைத்தால் கடன் அவர் கைக்கு மாறும், அவ்வளவுதான். (ஆள் தட்டுப்பாட்டில் முதலாளிகள் போட்டி போட்டுப் பாக்கி கொடுத்ததும் உண்டு. தொழிலாளி பேரம் பேசத் தெரியாதவர் என்று நாம் எழுதினால் அதுவும் நீதிக்கதைதான்.)

2025 ஜூலையில், கடனில் சிக்கிய பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்கள் மூலம் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது.