பாண்டம் கோழிகளின் கால் நிறம்: சோடி சேர்க்குமுன் கவனிக்க வேண்டியவை

றொசல்லப் பகுதியில் லயத்துக் கொல்லையிலே அழகுக்காகப் பாண்டம் கோழி வளர்ப்போர், கொண்டையையும் வாலையும் பார்த்தே சேவலுக்கு விலை பேசுவர். காலைப் பார்ப்போர் சிலரே. காட்சியிலோ நடுவர் காலையும் நோக்குவார். இனத்துக்குரிய நிறம் இல்லையெனில், ஏனைய அழகெல்லாம் இருந்தும் பரிசு கிட்டுவது அரிது. பீக்கின், யப்பான் பாண்டங்களுக்குப் பெரும்பாலும் மஞ்சட் கால் வேண்டும். சீபிறைற்றுக்குக் கற்பலகை போன்ற நீலக் கால் வேண்டும்.

உண்மையில் கோழிக்காலில் நீல நிறப்பொருளும் இல்லை, பச்சை நிறப்பொருளும் இல்லை. மேற்றோல் மஞ்சளாகவோ வெண்மையாகவோ இருக்கும். அதன் கீழுள்ள உட்டோலில் கருமை படிந்திருக்கலாம், படியாமலும் இருக்கலாம். மஞ்சளின் கீழ்க் கருமை இருப்பின் கால் பச்சையாகத் தோன்றும். வெண்மையின் கீழ் இருப்பின் நீலமாகத் தோன்றும். வெண்மை ஆட்சியானது, மஞ்சள் பின்னிடைவானது. ஆதலின் வெண்கால் பெற்றோர் இருவரிடத்தும் மஞ்சள் மறைந்திருந்து குஞ்சில் வெளிப்படலாம். இம்மஞ்சட்டோல் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக்கோழிக்கு வந்ததென 2008இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

பலர் ஓராண்டு உழைப்பை இழப்பது உட்டோற் கருமையை அறியாமையால்தான். அதைத் தடுக்கும் பரம்பரையலகு பால் நிறமூர்த்தத்தில் உள்ளது. பேடு அதைத் தன் ஆண்குஞ்சுகளுக்கே கொடுக்கும். பெண்குஞ்சுகள் தந்தையிடமிருந்து மட்டுமே பெறும். கருமையுள்ள சேவலைக் கருமையற்ற பேட்டுடன் சேர்த்தால், பெண்குஞ்சுகளின் கால் கறுக்கும், ஆண்குஞ்சுகளின் கால் பெரும்பாலும் வெளுத்திருக்கும். அவ்வாண்குஞ்சு வளர்ந்ததும், 'கால் நன்றாயிருக்கிறதே' என்று இனவிருத்திக்கு வைத்தால், அதன் பெண்குஞ்சுகளிற் பாதியளவு மீண்டும் கறுத்த காலுடன் பிறக்கும். அப்போது குற்றமற்ற தாய்ப்பேட்டைக் கறிக்கு அனுப்பிவிடாதீர்கள். பெண்குஞ்சின் கருமைக்குச் சேவலையே ஆராயுங்கள். பொரித்தவுடன் குஞ்சின் காலை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. கருமை தெளிவாகப் படியச் சில வாரங்கள் செல்லும்; மூன்று மாதமாவது பொறுத்துக் கழித்தல் நலம்.

நன்றாக முட்டையிடும் மஞ்சட்கால் பேட்டின் கால் நாளடைவில் வெளுப்பது குறையன்று. காலுக்குச் செல்லவேண்டிய மஞ்சள் கருவுக்குச் செல்கிறது. முட்டை நின்றபின் மஞ்சட் சோளமும் கீரையும் கொடுத்துவர நிறம் மெல்லத் திரும்பும். ஆகவே காட்சிக்கெனக் குறித்த பேட்டை நெடுநாள் முட்டையிடவிட்டுக் கடைசி வாரத்தில் சோளம் கொடுப்பதால் பயனில்லை. வெண்கால் இனத்துக்கு எவ்வளவு சோளம் கொடுத்தும் கால் மஞ்சளாகாது. சாயம் பூசுவதோ காட்சியிலிருந்து விலக்கப்படுவதற்கே வழி.

வைகாசி தொடங்கி வட்டவளைப் பக்கம் பெய்யும் பெருமழையில் கோழிகள் கூட்டுக்குள் நெருங்கியே கிடக்கும். அக்காலத்தில் செதிற்கால் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தொற்றும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி செதிலின் கீழ்ப் புகுந்து, செதிலை உயர்த்திச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கும். இளஞ்சூடான சவர்க்கார நீரில் காலை ஊறவைத்து, மெதுவான தூரிகையால் தேய்த்துத் துடைத்து, கந்தகக் களிம்போ தேங்காயெண்ணெயோ தடவுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை, சில வாரங்கள் இதனைத் தொடரவேண்டும். கோழி அமரும் கம்புகளையும் கழுவிக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தோலைப் புண்ணாக்கும். ஒட்டியிருக்கும் செதிலைப் பிடுங்கவும் வேண்டாம், தானே உதிரட்டும்.