கோளாய்வாளர்க்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கும் ஒரே அடிப்படையில் எழுந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் இன்னொரு கலைஞனைக் காண்கிறான். யாரிடம் செல்ல வேண்டும், எவ்வழியே செல்ல வேண்டும், இடையில் எங்கே தங்கலாம், வள்ளலின் இயல்பு எத்தகையது என்றெல்லாம் சொல்லி அவனை அனுப்புகிறான். வகுப்பறையில் நாம் இதனை அரசனைப் புகழும் உத்தி என்று கற்பித்து முடித்துவிடுகிறோம். பொருள் ஓரிடத்திலும் தகுதி வேறோரிடத்திலும் கிடக்கின்றன, நடுவே வழி தெரிந்த ஒருவர் வேண்டும் என்ற உலகியல் அறிவு அதற்குள் இருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இத்தொடரில் மொழியியலே பேசிவந்த நாம், சுங்கை ஆயர் தாவார் உரைக்குக் கோள் அறிவியலைத் தேர்ந்தது அக்காரணம் பற்றியே. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3 நிலவில் தரையிறங்கியது. மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, வீரமுத்துவேல் ஆகிய பெயர்களை நம் மாணவர் பலர் இன்று தயங்காமல் சொல்வர். அவர்கள் நடந்த வழியைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆசிரியர்களாகிய நாமும் பெயரைச் சொல்லி ஊக்குவிப்பதோடு நின்றுவிடுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் இயந்திரவியலில் பட்டயம் பெற்று, பின் பொறியியல் கற்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் கலத்தை உருவாக்கிய பொறியாளர். கலம் சென்று சேர்ந்தபின் அது அனுப்பும் அளவீடுகளைக் கொண்டு அங்குள்ள பாறை எது, மண் எவ்வாறு உண்டாயிற்று, அக்கோளின் வரலாறு என்ன என்று ஆராய்பவரே கோள் அறிவியலார். இரண்டும் வேறு படிப்பு, வேறு வாயில், வேறு நல்கை.

அந்த இரண்டாம் வகையினருள் பெரும்பகுதியினர் நிலவியல் கற்றவர்கள். ‘நிலவியல்’ என்ற இச்சொல் புணர்ச்சியில் இரு வழிப் பிரியும். நிலம் என்பதன் ஈறு கெட்டு, இயல் என்பதோடு வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்தால் மண்ணையும் பாறையையும் ஆராயும் துறை. நிலவு என்பதன் ஈற்றுகரம் கெட்டு இயல் என்பதோடு சேர்ந்தால் திங்களை ஆராயும் துறை. முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்பதால் இலக்கணம் இரண்டையும் ஏற்கும். சொல்லாக்கியவர்கள் எண்ணாத இப்பொருத்தம் நடைமுறையிலும் உண்மையாகிவிட்டது. அதற்குச் சான்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

நிலவின் மேட்டு நிலங்களில் மிகுதியாக உள்ள பாறை அனார்த்தசைட்டு. தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிப்பதற்கு அத்தகைய மண் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு டன் கணக்கில் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வாங்குவதாயின் செலவு மிகும். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் உண்டு என்பது நிலவியலார்க்கு முன்பே தெரிந்த செய்தி. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் அப்பாறையை ஆராய்ந்து, எது பொருந்தும் என்று காட்டினர். அது நுண்துகளாக அரைக்கப்பட்டுப் பெங்களூரு சென்றது. 2012 முதல் அவ்வாறு சென்ற மண் ஏறத்தாழ 50 டன் என்பர். செயற்கை நிலவு மண்ணுக்கான காப்புரிமை விண்ணப்பம் 2014இல் பதியப்பட்டு, 2020இல் உரிமை வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பாளர் பட்டியலில் விண்வெளி நிறுவனத்தாரோடு பெரியார் பல்கலைக்கழகத்தாரும் திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் உள்ளனர். சந்திரயான் 3 இன் ஊர்தி நிலவு மண்ணில் செய்த தனிம அளவீடுகள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தபோது, அவ்விடத்து மண் இரும்பு கலந்த அனார்த்தசைட்டு வகையினது என்றே தெரிந்தது. அக்கருவியைச் செய்தது அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம்.

சேலத்துத் துறையினரிடம் இருந்தது ஏவுதளம் அன்று. தம் வட்டாரத்துப் பாறையைப் பற்றிய அறிவு. கோள் அறிவியலுக்குள் நுழைய விரும்பும் நம் மாணவரும் இவ்விடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும்.

நம் வட்டாரம் வண்டல் மண். தென்னையும் செம்பனையும் நெல்லும் விளையும். பாறை காண்பது அரிது. ஆயினும் பெர்னாம் ஆற்றைக் கடந்து பேராக்குள் சென்றால் லெங்கோங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள புக்கிட் பூனோவில் விண்கல் மோதியதற்கான தடயங்களை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலார் ஆராய்ந்துள்ளனர். மோதலில் உருகிக் கலந்து இறுகிய பாறைக்குள் கற்கருவி ஒன்று பதிந்திருக்க, அப்பாறையின் காலம் 18.3 லட்சம் ஆண்டு என அவர்கள் அறிவித்தனர். இப்பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாயிற்று. தொல்லியல் மாணவர் ஒருவர் விண்கல் ஆய்வுக்குள் சென்றுவிடக்கூடிய இடம் அது. கோள் அறிவியல் என்ற பெயர்ப்பலகையை மட்டும் தேடுகிறவர் இத்தகைய வாயிலைக் கடந்து போய்விடுவார்.

இனிப் பொருள். இந்நாட்டில் நாம் உபகாரச் சம்பளம் என்று வழங்குவது மாணவரின் பெயரில் வருவது. ஆய்வு நல்கை அப்படி வருவதில்லை. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு நல்கைத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர் விரிவுரையாளர். அதில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து மாத ஊதியத்தோடு மேற்பட்டம் முடிப்பவர் மாணவர். ஆகவே முதுகலைக்குச் செல்பவர் “எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்பதற்கு முன், “எந்தப் பேராசிரியர், அவரிடம் நடப்பிலுள்ள திட்டம் எது?” என்று கேட்க வேண்டும். இவ்வொரு வினாவைக் கேட்கத் தெரியாமையால் நல்ல மாணவர்கள் சொந்தக் காசைச் செலவழித்துப் பாதியில் நின்றதைக் கண்டிருக்கிறோம். வெளிநாட்டிலும் வாயில்கள் உண்டு. ஜப்பானிய அரசின் கல்வி உதவித்தொகைக்குத் தூதரகம் வழியே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் கோட்டிங்கனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனம் எந்நாட்டவரையும் ஊதியத்தோடு முனைவர் பட்ட ஆய்வில் சேர்க்கிறது. இந்திய ஆய்வுக்கூடங்களின் இளநிலை ஆய்வாளர் இடங்கள் தேசியத் தேர்வுகளை ஒட்டி நிரப்பப்படுவன. அந்நாட்டு விதிகளைப் படித்துப் பார்த்தே அணுக வேண்டும்.

கூட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே மொழியின் வேலை மிகுதி. அப்பல்லோ 11 கொணர்ந்த நிலவுக் கற்களைப் பற்றிப் பேச 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் அறிஞர்கள் கூடினர். அன்று தொடங்கியதே நிலவு மற்றும் கோள் அறிவியல் மாநாடு. இன்று மார்ச்சு மாதந்தோறும் ஹூஸ்டனை அடுத்த வுட்லண்ட்ஸ் நகரில் கூடுகிறது. நமக்கு அண்மையது ஆசிய ஓசியானிய நில அறிவியல் கழகத்தின் ஆண்டுக்கூட்டம். கோள் அறிவியலுக்கு அங்கே தனிப்பிரிவு உண்டு, பல ஆண்டுகள் சிங்கப்பூரிலேயே நடந்திருக்கிறது. இங்கிருந்து பேருந்திலேயே போய்விடலாம். இத்தகைய கூட்டங்களில் வேலை அறிவிப்புகள் சுவரில் ஒட்டப்படுவதைவிடத் தேநீர் இடைவேளையில் வாய்மொழியாகப் பரவுவதே மிகுதி. நுழைவுச்சீட்டு எதுவென்றால், சில மாதங்களுக்கு முன்பே அனுப்பவேண்டிய ஆய்வுச் சுருக்கம். ஹூஸ்டன் மாநாட்டுக்கு அது இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எது தெரியாமல் இருந்தது, நாம் என்ன செய்தோம், என்ன கண்டோம், அதனால் எது மாறுகிறது என்பவை சுற்றிவளைக்காமல் வர வேண்டும். நம் பள்ளிக் கட்டுரைகள் முன்னுரையிலேயே மூச்சு வாங்கிவிடுகின்றன. தமிழில் சுருக்கி எழுதப் பழகாதவர் ஆங்கிலத்திலும் சுருக்கி எழுதுவதில்லை என்பது நாம் நெடுநாள் கண்ட உண்மை.

பெற்றோர் கேட்பது வேறு. “இதைப் படித்தால் என்ன வேலை?” நேர்மையான விடை, நிலையான பணியிடங்கள் குறைவு என்பதே. முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் மாறி ஊர் மாறிப் பணியாற்ற வேண்டிவரும். வள்ளலின் மனமும் மாறும். அமெரிக்க அரசு 2026 நிதியாண்டுக்கு நாசாவின் அறிவியல் நிதியை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க முன்மொழிந்தபோது உலகெங்கும் இத்துறை இளைஞர்கள் கலங்கினர். ஆயினும் கற்ற திறன் வீணாவதில்லை. செவ்வாயின் படத்தில் பள்ளங்களை அளக்கும் கணினி முறையே செம்பனைத் தோட்டத்தின் நோயையும் நெல்வயலின் நீர்நிலையையும் செயற்கைக்கோள் படத்தில் காண உதவுகிறது. 2019இல் உருவான மலேசிய விண்வெளி நிறுவனம், தொலையுணர்வு நிறுவனமொன்றையும் உள்ளடக்கியே அமைக்கப்பட்டது. பாறையைப் பகுத்தாயும் கருவிகளைக் கையாளத் தெரிந்தவரைத் தொழிற்கூடங்களும் ஏற்கும்.

மொழி மாணவர்க்கும் ஓர் இடைச்செய்தி. 2019இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் நாடுகளிடம் பெயர் கேட்டபோது, மலேசியா தனக்கு ஒதுக்கப்பட்ட விண்மீனுக்கு ‘இந்தான்’ என்றும், அதன் கோளுக்குப் ‘பைடூரி’ என்றும் பெயர் தந்தது. பைடூரி என்பது வடமொழி வைடூரியத்தின் மலாய் வடிவம்.

மாநாட்டுச் சுருக்கங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நாசாவின் கோள் தரவுகளும் சந்திரயான் தரவுகளும் அவ்வாறே. படிவம் நான்கில் அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து அத்தகைய சுருக்கம் ஒன்றை எடுத்து, மாணவரைக் கொண்டு அரைப் பக்கத் தமிழில் எழுதச் செய்யலாம். ஒரு தவணைக்கு ஒன்று போதும். எந்தச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்கவில்லையோ அதனைக் கரும்பலகையில் தனியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்பட்டியலை மாணவரே வைத்திருக்கட்டும்.