சிறிய அரசுக் கல்லூரி போதுமா?



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து பங்கு இல்லத்து வராந்தாவில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு தாய் வருவார். பின்னால் மகனோ மகளோ தலைகுனிந்து நிற்பார்கள். "சாமி, நீங்க ஒரு லெட்டர் குடுத்தா சீட்டு கெடைச்சிரும்" என்பதே பெரும்பாலும் முதல் வார்த்தையாக இருக்கும். நாமும் எழுதிக் கொடுப்போம். எந்தக் கல்லூரி, என்ன பாடம், எவ்வளவு பணம் என்று கேட்பதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார்.

அப்படி எதையும் கேட்காமல் நாம் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம்தான் இந்தச் சிந்தனைக்குக் காரணம்.

வண்ணார்பேட்டையில் ஆற்றங்கரைப் பக்கம் குடியிருக்கும் குடும்பம் அது. தந்தை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தாய்க்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை. சில ஆண்டுகளுக்கு முன் மூத்த மகனைத் தொலைவிலுள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்த்தார்கள். பரிந்துரைக் கடிதம் நம்முடையது. முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போயிற்று. இரண்டாம் ஆண்டுக்கு வட்டிக்கு வாங்கினார்கள். மூன்றாம் ஆண்டுக்கு வாங்க இடமில்லை. அரியர் பாடங்களும் சேர்ந்துகொள்ள, பையன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பட்டம் வரவில்லை, வட்டி மட்டும் மாதந்தோறும் கட்டுகிறார்கள்.

சென்ற ஆண்டு மே மாதம் அதே தாய் இளைய மகளோடு வந்தார். இம்முறை கடிதம் கேட்கவில்லை. "சாமி, இவளுக்கு கவர்மெண்ட் காலேஜுதான் எங்களால முடியும். மானூர்ல புதுசா ஒண்ணு இருக்காம், சின்ன காலேஜாம். அங்க சேத்தா நாலு பேரு என்ன சொல்லுவாவ? பிள்ள படிப்பு வீணாப் போயிருமோ?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. ஒருமுறை யோசிக்காமல் எழுதியதன் பலனை அந்த வீடு இன்னும் சுமக்கிறதே! "நாளைக்கு வாங்கம்மா, உட்கார்ந்து பார்ப்போம்" என்று அனுப்பினோம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்னதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அன்றுதான் காகிதமும் பேனாவுமாக உண்மையிலேயே உட்கார்ந்தோம். அப்போது தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வியோடு நிற்கும் மற்றப் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

கல்லூரிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878இலும், சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கப்பட்டவை. இவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். பெண்களுக்கென்று அரசே நடத்தும் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி 1970இல் வந்தது. வண்ணார்பேட்டைப் பிள்ளைகள் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் அதை அடையலாம். மானூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி அமையும் என்று 2021இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட பத்துப் புதிய கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. சங்கரன்கோவில் சாலையில் உள்ள மானூரைச் சுற்றியிருப்பவை பெரும்பாலும் வானம் பார்த்த கிராமங்கள். நகரத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்குப் படிப்பு பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதே இத்தகைய கல்லூரிகளின் நோக்கம்.

பட்டம் சிறியதா?

பெற்றோரின் முதல் அச்சம் இதுதான். கல்லூரி சிறியதானால் பட்டமும் சிறியதாகிவிடுமா? ஆகாது. பட்டம் வழங்குவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படிப்போர் எல்லாருக்கும் அதன் பெயரில்தான் பட்டம். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே அமைத்துக்கொள்ளும். ஆனால் அங்கும் பட்டம் பல்கலைக்கழகத்தினுடையதே.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பட்டப்படிப்புத் தகுதி கேட்கும்போது, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டமா என்றுதான் பார்க்கிறது. கல்லூரியில் எத்தனை மாடி என்று பார்ப்பதில்லை. அது மட்டுமல்ல, பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2020இல் செய்த திருத்தத்துக்குப் பின் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்தால்தான் கிடைக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளையைப் பெருமைக்காகக் கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாற்றும் பெற்றோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில கல்லூரிகள் பாடங்களுக்குப் புதுமையான நீண்ட பெயர்களைச் சூட்டுகின்றன. அந்தப் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இல்லாவிட்டால், பின்னாளில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரும். தமிழ், கணிதம், வணிகவியல் என்று எளிய பெயருள்ள பாடத்தில் இந்தத் தொல்லை இல்லை.

பணக் கணக்கு

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகள் மட்டுமே. அரசு உதவி பெறும் கல்லூரியானால் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "இந்தப் பாடம் உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டும் நடக்கும். உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. சுயநிதிப் பிரிவில் அது மாணவர் கட்டணத்திலிருந்து வர வேண்டும். ஆகவே கட்டணம் பல மடங்கு வேறுபடும். நம் கல்லூரிகளிலும் இப்படித்தான். நம் கடிதத்தால் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இதைக் கேட்க மறந்துவிட்டு, பிறகு தவித்த பெற்றோர் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. முதலில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 2024 டிசம்பர் இறுதியில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நம் திருச்சபைப் பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகள் பலர் இதனால் பயன் பெறுகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடக் குடும்பத்துப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று குறிக்கப்பட்டாலும், வருமான வரம்புக்கு உட்பட்டு மாநில அரசின் கல்வி உதவித்தொகைக்கு அவர்களுக்கும் உரிமை உண்டு. "நாமதான் கிறிஸ்தவங்களாச்சே, கெடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லாத் திட்டங்களுக்கும் அந்தந்த ஆண்டின் விதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

இப்போது இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,000 ரூபாய் வட்டி. மூன்று ஆண்டுகளில் 72,000 ரூபாய் கட்டிய பின்னும் முதல் அப்படியே நிற்கும். அதே மூன்று ஆண்டுகள் அரசுக் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு மாதம் 1,000 வீதம் 36,000 ரூபாய் கைக்கு வரும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அந்தத் தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

குறைகளையும் மறைக்க வேண்டாம்

அரசுக் கல்லூரி என்றாலே எல்லாம் நன்று என்று சொல்ல நாம் வரவில்லை. பல அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களே பாடம் நடத்துகிறார்கள். அவர்களில் மிகத் திறமையானவர்கள் உண்டு. ஆனால் ஊதியம் குறைவு, பணி உறுதி இல்லை. ஆண்டின் நடுவில் ஆசிரியர் மாறினால் மாணவருக்குத்தான் இழப்பு. புதிய கல்லூரியானால் பாடப்பிரிவுகள் குறைவாக இருக்கும். நூலகமும் ஆய்வகமும் வளர நாளாகும். முதுகலைப் படிப்பு இருக்காது. நிறுவனங்கள் நேரில் வந்து வேலைக்கு ஆள் எடுப்பதும் அரிது.

சிறிய கல்லூரிக்கென்று ஒரு நன்மையும் உண்டு. ஆசிரியருக்கு மாணவரின் பெயர் தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க ஆள் இருக்கும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் காலடி வைக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு கேள்வி பெரிய துணை. முதுகலையை அபிஷேகப்பட்டியில் உள்ள பல்கலைக்கழகத்திலோ பெரிய கல்லூரியிலோ தொடரலாம். அமெரிக்காவில்கூட எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஊர்ப்பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் குறைந்த செலவில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். சிறிய இடத்தில் தொடங்குவது இழுக்கல்ல.

நேரில் போய்க் கேளுங்கள்

எந்தக் கல்லூரியானாலும் சேர்வதற்கு முன் ஒரு வேலை நாளில் பிள்ளையோடு நேரில் போய் வாருங்கள். கீழ்க்காணும் கேள்விகளைக் கேளுங்கள்.

1. பிள்ளை விரும்பும் பாடம் இங்கே இருக்கிறதா? இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக விருப்பமில்லாத பாடத்தில் தள்ளிவிட வேண்டாம்.

2. அந்தத் துறையில் எத்தனை ஆசிரியர்கள்? அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்?

3. வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது? ஷிப்ட் முறையா? அந்த நேரத்துக்குப் பேருந்து உண்டா? 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டும்தான். போகும் வண்டி அந்த வகைதானா என்று பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவசப் பயண அட்டையும் உண்டு.

4. பெண்களுக்குக் கழிப்பறை, குடிநீர் வசதி எப்படி? கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

5. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் என்ன சொல்கிறார்கள்? வாசலில் நின்று பத்து நிமிடம் அவர்களோடு பேசினால் விளம்பரத் தாள் சொல்லாத பலவும் தெரியவரும்.

யாருக்குப் பொருந்தும்?

அரசுத் தேர்வு எழுத நினைப்பவர், ஆசிரியப் பணிக்குப் போக விரும்புபவர், முதுகலை வரை படிக்க எண்ணி இப்போதே கடன்பட முடியாதவர் ஆகியோருக்குச் சிறிய அரசுக் கல்லூரி நல்ல தேர்வு. ஆனால் தானாக முயலும் பழக்கம் வேண்டும். கல்லூரி நூலகத்தில் இல்லாத புத்தகத்தைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டும். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளை விடாமல் பயன்படுத்த வேண்டும். விரும்பிய பாடமே அங்கு இல்லையென்றாலோ, போக வர நான்கு மணி நேரம் ஆகுமென்றாலோ, இலவசம் என்பதற்காக மட்டும் சேர்ப்பது சரியல்ல. அப்போது உதவி பெறும் பிரிவுக்கு முயலலாம். கடன் தவிர்க்க முடியாததானால் வட்டிக்காரரிடம் போவதற்கு முன் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள்.

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். நாம் எழுதி வைத்திருந்த காகிதத்தை மகளிடம் கொடுத்தோம். அவளே போய்ப் பார்த்து, கேட்டு, ஓர் அரசுக் கல்லூரியைத் தேர்ந்துகொண்டாள். எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்ல மாட்டோம். முதல் பருவத்தில் ஒரு பாடத்துக்குப் பல வாரம் ஆசிரியர் இல்லை. நம் பங்கில் அதே பாடம் படித்த அக்கா ஒருவர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் சொல்லிக்கொடுத்தார். அவள் தேர்ச்சி பெற்றாள். மாதம் வரும் ஆயிரத்தில் ஒரு பகுதியை அண்ணன் பட்ட கடனுக்கு வட்டி கட்டத் தாயிடம் கொடுக்கிறாளாம். அதைக் கேட்டபோது நமக்கு மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுதியாக வந்தது.

அன்று முதல் நாம் ஒரு முடிவு செய்திருக்கிறோம். பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவரை முதலில் உட்காரச் சொல்கிறோம். "பிள்ளைக்கு என்ன படிக்க விருப்பம்? மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்? அந்தப் பணம் எங்கிருந்து வரும்?" என்று மூன்று கேள்விகள் கேட்கிறோம். பதில் கிடைத்த பின்பே பேனாவை எடுக்கிறோம். பெற்றோரே, நீங்களும் வீட்டில் பிள்ளையை அருகில் அமர்த்தி இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாலு பேரும் நமக்காக வட்டி கட்ட வரப்போவதில்லை.