தொட்டிக்குள் போனது எங்கே போகிறது?



இந்த மாதம் கடலோரத் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மேட்டுத் தோட்டத்துக்காரர்களும் படிக்கலாம், ஆனால் நம்ம பாடு வேறு.

கக்கூஸைப் பற்றியா எழுதுவது என்று முகம் சுளிக்காதீர்கள். வயிற்றுப்போக்கு, புழு என்று மருந்தறைக்கு வரும் பிள்ளைகள் பலருடைய கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

“வாளிக் கக்கூஸ் காலமெல்லாம் போச்சு டிரெசரே, இப்ப ஊத்தினா எல்லாம் தொட்டிக்குள்ள போயிடுது” என்பீர்கள். போகிறது, சரி. அதுக்கப்புறம்?

செப்டிக் தொட்டி அழுக்கைப் பாதிதான் கவனிக்கிறது. கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கும். நடுவில் நிற்கும் நீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியே போய்விடும். பார்வைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாலும் கிருமியும் புழு முட்டையும் அதில் இருக்கும். மிச்ச வேலையை மண்தான் செய்ய வேண்டும்.

மேட்டு நிலத்து மண் அதைச் செய்யும். கேரித் தீவு, சபாக் பெர்ணம் பக்கம் இருப்பதோ கடல் களிமண். மண்வெட்டியைக் கொஞ்சம் ஆழமாகப் போட்டாலே தண்ணீர் ஊறும். போதாக்குறைக்கு, கடல் ஏறும்போதெல்லாம் கரையிலுள்ள தண்ணீர்க் கதவை மூட வேண்டும். அதுவரை பாரிட் நீர் நகராது. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்தால் லோங்காங் நிரம்பி வாசலுக்கு வரும், தொட்டித் தண்ணீரும் சேர்ந்தே வரும்.

அந்த ஈரத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். உருண்டைப்புழு முட்டைக்கு ஈரக் களிமண் நல்ல இடம், ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நகக்கண்ணில் ஏறி வாய்க்குப் போகும். நான் மாத்திரை கொடுத்தால் வயிற்றிலுள்ள புழு சாகும், வாசலில் இருக்கிற முட்டை சாகாது. சில மாதம் கழித்து அதே பிள்ளை, அதே வயிறு.

பாரிட் ஆற்றில் விழுகிறது, ஆறு கடற்சேற்றில். அங்கே கெராங் அந்த நீரை வடிகட்டித்தான் பிழைக்கிறது. கிருமி அதன் வயிற்றில் தங்கிவிடும். 1988-இல் சீனாவின் ஷாங்காய் நகரில், கழிவுநீர் கலந்த இடத்தில் அள்ளிய கெராங் போன்ற சிப்பியை அரைவேக்காட்டில் தின்று ஏறத்தாழ 3 லட்சம் பேர் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். சுடுதண்ணியை மேலே ஊற்றி உடனே எடுத்துத் தின்கிற ருசி எனக்கும் தெரியும். வேண்டாம், கொதிக்கிற நீரில் சில நிமிடமாவது வேகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெய் மில்லின் கழிவுநீருக்கு 1977-லேயே தனி விதிமுறை வந்தது. குளம் குளமாகத் தங்க வைத்து, அளந்து பார்த்துத்தான் ஆற்றில் விடுகிறார்கள். நல்ல காரியம். லயத்துக் கழிவுக்கும் தொட்டிக்கு அப்பால் ஒரு ஏற்பாடு கேட்டால் என்ன தப்பு? மண் வடிக்காத இடத்தில் தரைக்கு மேலே கல்லும் மணலும் போட்டு, கோரை நட்டு, தொட்டி நீரை அதன் வழியாக விடலாம். தொழிலாளர் வீடுகளைப் பழுது பார்த்து வைக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது.

வீட்டுப் பெண்களுக்கு: பொரித்த எண்ணெய், பிள்ளையின் பேம்பர்ஸ், வாளி வாளியாகக் கிளோராக்ஸ், எதுவும் கக்கூஸில் வேண்டாம். அழுக்கைத் தின்னும் நல்ல கிருமிகளைக் கிளோராக்ஸ் கொன்றுவிடும். கூரை மழைநீரைத் தொட்டிப் பக்கம் திருப்பாதீர்கள். வேகமாக நுழையும் நீர் சேற்றைக் கலக்கி வெளியே தள்ளும்.

சேறு நிறைந்த தொட்டி வெறும் குழாய்தான். 2 ஆண்டுக்கு ஒரு முறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும், அதுவும் உரிமம் உள்ளவர்களைக் கொண்டு. உறிஞ்சியதைப் பாரிட்டில் கொட்ட விடக்கூடாது. செலவை மிச்சம் பிடிக்க நம்ம பையன்களையோ, பங்களாதேஷ், இந்தோனேசியத் தம்பிகளையோ தொட்டிக்குள் இறக்கச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தூக்கப் போகிறவனும் திரும்ப மாட்டான்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு லயத்துத் தொட்டிக்கும் கடைசியாகச் சேறு எடுத்த தேதியைக் கேளுங்கள். கிராணி புத்தகத்தில் தேதி இல்லாத தொட்டிக்கு முதல் லாரி வரட்டும். எடுத்த அன்றே மூடியின் மேல் சாயத்தால் தேதியை எழுதி வையுங்கள்.