தீபாவளி லீவில் திருச்செந்தூர் போறீங்களா?



தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள். கையில் போனஸ் காசும் இருக்கும். அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி தொடங்குவதால் நம்ம சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் குடும்பங்கள் பாய், தலையணை, சாப்பாட்டு வாளியோடு கடற்கரைக்குக் கிளம்பிவிடும். கோவில் பக்கம் போடுகிற தற்காலிகப் பந்தலில் ஆறு நாளும் தங்கி, சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

போக வேண்டியதுதான். வருஷமெல்லாம் மருந்து நெடியில் உட்கார்ந்த உடம்புக்குக் கடற்காற்று வேண்டாமா? ஆனால் எதில் போகிறோம் என்று பாருங்கள். வாடகை குறைவு என்று லோடு வண்டியில் இருபது பேர் ஏறிவிடுகிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதும் கஷ்டம். பஸ்ஸில் போகலாம், இல்லையென்றால் திருநெல்வேலி போய் அங்கிருந்து ரயிலில் போகலாம்.

நம்ம பிள்ளைகள் கண்மாயில் குளித்துப் பழகியவர்கள். கண்மாய்த் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். 2025 ஜனவரியில் கோவில் முன்னால் கடல் அரித்து, கரையில் பெரிய பள்ளமே விழுந்தது. நேற்று ஆழமில்லாத இடம் இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீங்க. முழங்கால் தண்ணீர் போதும். பெரியவர் ஒருத்தர் கரையிலேயே நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்கணும். ஈரச்சேலை காலைச் சுற்றும், சுடிதார் நல்லது. பிறகு நாழிக்கிணற்றில் குளித்து உப்பைக் கழுவிவிடலாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம். முருகன் கோபிக்க மாட்டார்!

இனி பணம். ஆலை திறக்கும்வரை கூலி கிடையாது. போனஸை அங்கே செலவழித்துவிட்டு வந்தால், அரிசிக்குக் கான்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டிவரும். அந்தக் கடன் அடுத்த தீபாவளி வரை கூலியில் கழியும். அதனால் ஒரு மாசச் செலவை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் போங்க. வாரம் 20 ரூபாய் தனியாகச் சேர்த்தால் 45 வாரத்தில் 900 ரூபாய் ஆகும். சந்தாவோடு கலக்காமல், குழு நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. அங்கே போயும் நீங்களே அடுப்பு மூட்டி, நீங்களே பாத்திரம் கழுவினால் அது யாருக்கு லீவு? முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்க. மறுநாள் கோவில் அன்னதானத்தில் சாப்பிடலாம். தண்ணீர் பிடிக்கிற வேலையை வீட்டுக்காரரிடம் கிளம்பும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.