எடை குறைக்கும் ஊசியும் இணையதள மருந்துக் கடையும்

சென்ற நவராத்திரியின்போது மயூர் விஹாரில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். சுண்டலைக் கையில் கொடுத்த அந்த வீட்டு அம்மையார், "சார், நீங்கள் மருந்துக் கம்பெனியில் இருந்தவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார். உடல் எடை குறைய வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசி. கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, ஆறாயிரம் ரூபாய் கட்டி வரவழைத்திருக்கிறார். மறுநாள் முதல் ஊசியைப் போட்டுக்கொள்வதாக இருந்தார்.

பெட்டியின் மேல் ஜெர்மன் மொழி. ரூபாயில் விலை அச்சாகவில்லை. இறக்குமதி செய்தவர் பெயரோ, இறக்குமதி லைசென்ஸ் எண்ணோ இல்லை. பில்லும் இல்லை. "ஐஸ் பை வைத்து வந்ததா?" என்று கேட்டேன். "இல்லையே, சாதாரணக் கூரியரில்தான் வந்தது" என்றார். தில்லி வெயிலில் எத்தனை நாள் எந்தக் கிடங்கில் கிடந்ததோ!

இந்த மருந்துகள் பொய்யானவை அல்ல. செமாக்ளூடைட், டிர்செபடைட் என்ற இரண்டும் நீரிழிவுக்கென்று வந்து, பசியைக் குறைப்பதால் எடைக்கும் பயன்படுபவை. டிர்செபடைட் 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய். எடைக்கான செமாக்ளூடைட் ஊசி வெகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் வந்தது. செமாக்ளூடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைக்கும்தான். அதன் பிறகு உள்நாட்டுக் கம்பெனிகளின் பெயர்கள் பெருகும். பெயர்கள் பெருகினால் போலிக்கு ஒளிந்துகொள்ள இடமும் பெருகும்.

இனி கடைக்கு வருவோம். "அரசு அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் மருந்தகம்" என்று பச்சை முத்திரை போட்டிருந்தால் நம்மில் பலர் நம்பிவிடுகிறோம். உண்மையில் இணையதள மருந்துக் கடைக்கென்று தனி லைசென்ஸ் எதுவும் நம் நாட்டில் கிடையாது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் வரைவாகவே நிற்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், லைசென்ஸ் இல்லாமல் இணையத்தில் மருந்து விற்கத் தடை விதித்தது. சட்டம் அறிந்திருப்பது செங்கல் சுவருள்ள மருந்துக் கடையைத்தான். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தரும் சில்லறை விற்பனை லைசென்ஸ் (படிவம் 20, 21), பதிவு பெற்ற ஒரு மருந்தாளர், ஒரு முகவரி, இவைதான் கடை. இணையதளம் அதன் வாசல் மாத்திரமே.

ஆகவே முத்திரையைப் பார்த்துப் பயனில்லை. "எந்தக் கடையிலிருந்து அனுப்புகிறீர்கள்? லைசென்ஸ் எண் என்ன? மருந்தாளர் யார்?" என்று கேட்க வேண்டும். ஒழுங்கான நிறுவனம் இதைப் பில்லிலேயே போடும். கடையின் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், மருந்தின் பாட்ச் எண், காலாவதி நாள் எல்லாம் அதில் இருக்கும். சந்தேகமிருந்தால் அந்த எண்ணைக் கடை இருக்கும் மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். நம் அம்மையார் அன்று இரவே வாட்ஸ்அப்பில் லைசென்ஸ் எண் கேட்டார். பதிலாக வந்தது, "இன்னொரு பேனா வாங்கினால் பாதி விலை" என்ற செய்தி!

அதைவிட எளிய சோதனை மருந்துச் சீட்டு. இவை டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. சீட்டுக் கேட்காமல் அனுப்புகிறவன் அந்த ஒரு செயலிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். சில தளங்கள் நான்கு கேள்விகள் கேட்டு, "எங்கள் டாக்டர்" பெயரில் ஒரு சீட்டைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. தொலைமருத்துவம் குற்றமல்ல, 2020 மார்ச் முதல் அதற்கு நெறிமுறைகள் உண்டு. ஆனால் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம்.

விளம்பரத்தின் பேச்சையும் கவனியுங்கள். 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகர விளம்பரச் சட்டம் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதில் உடல் பருமனும் உண்டு. "முப்பது நாளில் பத்துக் கிலோ உத்தரவாதம்" என்பவன் முதல் வரியிலேயே சட்டத்தை மீறியவன். செமாக்ளூடைட் மாத்திரையாகவும் உண்டு, ரைபெல்சஸ் என்று நீரிழிவுக்காக. ஆனால் அதன் பெயரில் சொட்டு மருந்து, ஒட்டும் பட்டை என்று வந்தால் தொடவே வேண்டாம். "மூலிகை" என்ற சொல்லும் காப்பாற்றாது. இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ராமின், மூலிகை மாத்திரைகளில் ரகசியமாகக் கலக்கப்பட்டு வெளிநாடுகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

பார்சல் வந்த பின்பும் ஒரு சோதனை பாக்கி. திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் இருக்க வேண்டும்; உறைந்தும் போகக் கூடாது. சில நாட்கள் வெளியில் தாங்கும் வகைகள் உண்டு என்றாலும், எத்தனை நாள் வெளியில் இருந்தது என்று சொல்ல ஆளில்லாத பார்சலுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. அசல் மருந்தாகவே இருந்தாலும் வெயிலில் வெந்ததை உடம்பில் ஏற்றிக்கொள்வானேன்?

போலி என்றால் வெறும் தண்ணீர், போனது பணம்தான் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில், போலி என்று சந்தேகிக்கப்பட்ட ஒஸெம்பிக் ஊசியைப் போட்டுக்கொண்ட சிலர் ரத்தச் சர்க்கரை அளவு கடுமையாக இறங்கி, வலிப்பு கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பேனாவுக்குள் இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் கருதினர். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாக்ளூடைட் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

இதைச் சொன்னபோது அம்மையாரின் கணவர்தான் முதலில் எழுந்தார். அவருடைய மனைவி ஏற்கெனவே சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். அதுவும் சர்க்கரையை இறக்கும் மருந்து. அதன் மேல் தெரியாமல் இன்சுலினும் போயிருந்தால் இரவுத் தூக்கத்திலேயே என்ன ஆகியிருக்குமோ. அசல் ஊசியாக இருந்தாலும் அந்த மாத்திரையின் அளவை டாக்டர் திருத்தியாக வேண்டும். சீட்டுக் கேட்காத கடைக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பணத்துக்காகப் புகார் கொடுத்தார்கள். ஊசி போட்டு ஏதேனும் ஆகியிருந்தால் அதைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தினுடையது. பணம் இன்னும் திரும்பவில்லை. பேனாவை எறிய வேண்டாம், பெட்டியோடு அப்படியே வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் கணவரும் மனைவியுமாக அதை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, அங்கிருந்து நேரே நீரிழிவு டாக்டரைப் பார்க்கப் போனார்கள்.